கன்ட்ரி பாணியில் ஒரு நாயனக்காரர் பாட்டு: சுருதி, கோர்ட், சொல் பற்றி ஒரு கேள்வி

பனங்கூடல்:

வணக்கம். பாட்டு ஒண்டு எழுதிக்கொண்டிருக்கிறன். அமெரிக்கன் கன்ட்ரியில, வயதுபோன பாடகர் ஒருவர் ஊர் ஊராய்ப் போய்ப் பாடி, ராவோட ராவாய் அடுத்த ஊருக்கு வெளிக்கிடுற கதையை வைச்சுப் பாட்டுகள் கனக்க இருக்கு. அந்தப் பாணியிலயே, யாழ்ப்பாணத்துத் திருவிழாக் காலத்தில கோயில் கோயிலாய் ஓடுற ஒரு வயதான நாதஸ்வர வித்துவானைப் பற்றிப் பாட்டு வேணும். மெட்டு ஜீ-யில கிடக்கு. ஜீ, சீ, டீ எண்ட மூண்டு கோர்ட்தான் (chord, சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டம்).

மூண்டு சிக்கல். இடையில உண்மையான நாதஸ்வரம் சேர்க்க விருப்பம். வாசிக்கச் சம்மதிச்சவரிட்ட இருக்கிறது இரண்டு கட்டை நாயனம். கிற்றாரோட எப்பிடிப் பொருத்துறது? இரண்டாவது, கிற்றாரைத் தட்டினால் கன்ட்ரி மாதிரி இல்லை, சினிமாப் பாட்டு மாதிரி வருது. மூண்டாவதுதான் பெரிசு: வரிகள் உப்புச்சப்பில்லாமல் கிடக்கு. முதல் சரணம் இதுதான்:

நீண்ட தூரப் பயணம்
நெஞ்சில் கோடி சலனம்
தனிமை இரவின் கண்ணீர்
தருமே எனக்கு ராகம்

எங்க பிழைக்குது?


ஆறுதந்தி:

முதல் இரண்டையும் நான் சொல்கிறேன். வரிகளை மற்றவர்கள் பார்க்கட்டும்.

கட்டை என்பது சுருதியின் உயரம்; இரண்டு கட்டை என்றால் ஷட்ஜம் (ஆதார சுரமான ‘ச’) டீ. உங்கள் பாட்டின் ஷட்ஜம் ஜீ, அதாவது ஐந்து கட்டை. அந்த நாயனத்தில் மத்திமத்தை ஷட்ஜமாக வைத்து, மத்திமச் சுருதியில் வாசித்தால் ஜீ-க்கு வரும். ஆனால் அப்போது அவருடைய கைப்பழக்கம் மாறும். நல்ல பிடிகள் விழும் இடமெல்லாம் மாறிவிடும். வித்துவானை வளைக்காமல் பாட்டை டீ-க்குக் கொண்டுபோங்கள். கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) கிற்றாரின் இரண்டாம் கட்டில் (ஃப்ரெட்டில்) போட்டு சீ, எஃப், ஜீ வடிவங்களைப் பிடித்தால் ஒலிப்பது டீ, ஜீ, ஏ. எஃப் பிடிக்கச் சிரமம் என்றால் கேப்போ இல்லாமல் டீ, ஜீ, ஏ போதும். பதிவு நாளில் அவர் இரண்டரைக் கட்டை நாயனத்தோடு வந்தால் கேப்போவை மூன்றாம் கட்டுக்கு ஏற்றுங்கள், வடிவம் மாற வேண்டியதில்லை. இதற்காகவே நான் சீ வடிவத்தைச் சிபாரிசு செய்வேன்.

சுருதி கூட்டும்போது கிற்றாரைத்தான் நாயனத்துக்குக் கூட்ட வேண்டும். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் முனை) ஊற ஊற, குழல் சூடாக ஆக, சுருதி கொஞ்சம் நகரும். ஆகவே அவர் பத்து நிமிடம் ஊதிப் பதமான பிறகு ஷட்ஜத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, அதைக் கேட்டுத் தந்தியைத் திருகுங்கள். ரியூனர் சொல்வது அன்றைக்கு இரண்டாம் பட்சம்.

இன்னொரு சிக்கல் பலருக்குப் பிடிபடுவதில்லை. கிற்றாரின் அந்தர காந்தாரம் (மேஜர் கோர்ட்டின் ‘க’) ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கும் சமப்பிரிவில் அமைந்தது; சுருதியோடு இழைகிற இயல்பான காந்தாரத்தை விட ஏறத்தாழ 14 சென்ட் கூட (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). வித்துவான் காதால் பிடிக்கிற காந்தாரம் அந்த இயல்பான இடத்தில் நிற்கும். அவர் அதை நீட்டும்போது நீங்கள் முழு மேஜர் கோர்ட் அடித்தால் இரண்டும் உரசி அலை அலையாக அடிக்கும். அந்த இடங்களில் காந்தாரம் இல்லாத பிடி, அதாவது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். பாடுகிற இடத்தில் முழுக் கோர்ட்டுக்குத் திரும்பலாம்.

இனி ஏன் சினிமா மாதிரி வருகிறது என்பது. ஆறு தந்தியையும் மேலும் கீழும் தட்டுகிறீர்கள் போல. கன்ட்ரியின் நடை பெருவிரலில் இருக்கிறது: ஒரு அடி மந்திரத் தந்தி (தடித்த, கீழ்ச் சுருதித் தந்தி), அடுத்த அடி மேல் தந்திகளில் ஒரு சின்னத் தட்டு. மந்திரத் தந்தி ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும். சீ வடிவத்தில் ஐந்தாம் தந்தி மூன்றாம் கட்டு, தட்டு, பிறகு ஆறாம் தந்தி மூன்றாம் கட்டு, தட்டு. ஜீ வடிவத்தில் ஆறாம் தந்தி மூன்றாம் கட்டு, தட்டு, நாலாம் தந்தி வெறுமையாக, தட்டு. ஜீ-யிலிருந்து சீ-க்குப் போகையில் ஆறாம் தந்தி மூன்றாம் கட்டு, ஐந்தாம் தந்தி வெறுமை, அதே தந்தி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நான்கு படி நடந்து போய் இறங்குங்கள். அந்த நாலு படியில்தான் றோட்டில் போகிற உணர்வு வருகிறது.

வேகம் நிமிடத்துக்கு 104 அடி வைத்துப் பாருங்கள். தாளத்துக்கு டிரம் தேவையில்லை. கன்ட்ரிப் பாடகர் ஜொனி காஷ் ஆரம்ப காலத்தில் தன் கிற்றாரின் தந்திகளுக்கு இடையில் கடதாசி செருகி வாசித்தார். அது தோல்கருவி போல ‘சக் சக்’ என்று கேட்கும். பிரிட்ஜுக்குக் கிட்ட, ஒரு தந்திக்கு மேலே அடுத்த தந்திக்குக் கீழே என்று கடதாசியைப் பின்னிவிடுங்கள். தடித்த கடதாசி நாதத்தை முழுதாகக் கொன்றுவிடும். கொப்பித் தாள் ஒன்றை இரண்டாக மடித்தது சரியாக இருக்கும்.

ஸ்டீல் கிற்றாரின் இழுவை வேண்டுமென்றால், ஜீ வடிவத்தில் இரண்டாம் தந்தி மூன்றாம் கட்டைப் பிடித்தபடி, மூன்றாம் தந்தியில் இரண்டாம் கட்டிலிருந்து நாலாம் கட்டுக்கு வழுக்குங்கள், இரண்டும் சேர்ந்து ஒலிக்க. 12 கேஜ் தந்தியில் அந்த இடத்தில் இழுத்து வளைக்கப் பார்த்தால் விரல்தான் கிழியும், சுரம் ஏறாது. இடையிசைக்கு மோகனத்தின் ஐந்து சுரங்கள் போதும். கன்ட்ரிக்காரர் மேஜர் பென்ரரோனிக் என்று சொல்வது அந்த ஐந்தைத்தான், ஆகவே நாயனத்தோடு கேள்வி பதிலாக வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.


மல்லாரி:

சுருதி விசயம் ஆறுதந்தி சொன்னது சரி. ஒண்டு சேர்க்கிறன். தொடக்கத்தில கம்பீரநாட்டை மல்லாரி வைக்கிற எண்ணம் இருந்தால், அந்த ராகத்தில ரிஷபமும் இல்லை, தைவதமும் இல்லை. நாலாம் கோர்ட் (மத்திமத்தில கட்டினது) அடிச்சால் தைவதம் வந்து விழும், ஐந்தாம் கோர்ட்டில (பஞ்சமத்தில கட்டினது) ரிஷபம் விழும். மல்லாரி போற மட்டும் ஷட்ஜ பஞ்சமத்தில நில்லுங்கோ, கோர்ட் மாத்தாதேங்கோ. மல்லாரி சாமி வெளிக்கிடேக்க வாசிக்கிறது, சாகித்தியம் இல்லாதது. அதைப் பாட்டின்ர நடுவில போட்டால் தெரிஞ்ச ஆக்களுக்குக் காதில குத்தும். தொடக்கத்தில மல்லாரி, முடிவில தாலாட்டு ராகமான நீலாம்பரியில ஒரு கீற்று எண்டு வையுங்கோ. சாமி வெளிக்கிட்டு, வீதி சுத்தி, பள்ளியறைக்குப் போற ஒழுங்கு அது. பாட்டுக்கு உடம்பு அதிலயே கிடைச்சிடும்.

வரிகளுக்கு வாறன். தம்பி, உங்கட நாலு வரியில நாதஸ்வரக்காரர் எங்க இருக்கிறார்? லொறி ஓட்டுறவரும் அதைப் பாடலாம், வெளிநாட்டில இருக்கிற பெடியனும் பாடலாம். கன்ட்ரிப் பாட்டுகள் நிக்கிறது சாமான்களின்ர பேரில: எந்த றோட்டு, எந்த வாகனம், கிற்றாரில எந்த இடம் தேய்ஞ்சது. கன்ட்ரிப் பாடகர் வில்லி நெல்சனின்ர கிற்றாரில, தந்தி மீட்டுற பிக் உரஞ்சி உரஞ்சி மரத்தில ஓட்டையே விழுந்திட்டுது. அந்த ஓட்டையைச் சொன்னால் போதும், ‘நீண்ட பயணம்’ எண்டு சொல்லத் தேவையில்லை.

எங்கட பக்கத்தில அப்பிடிப் பாவிக்கக் கூடியது கொட்டிக் கிடக்கு. நாயனத்தில நூலில தொங்குற உபரிச் சீவாளியும் ஊசியும். நாணலில செய்த சீவாளி, நனைச்சுப் பதம் பண்ணாமல் ஊதேலாது. கதைச்சுக்கொண்டிருக்கிற வித்துவான் கதையை நிப்பாட்டிச் சீவாளியை வாயில வைச்சிட்டார் எண்டால் சாமி வெளிக்கிடப் போகுது எண்டு அர்த்தம். ஆச்சா மரத்துக் குழல், கீழ அணசு (விரிஞ்ச வாய்). விரல் வைக்கிற துளை ஏழு, கீழ இருக்கிற ஐந்தும் விரல் படாத துளை, மெழுகு அடைச்சுச் சுருதி சரி பண்ணுறது. தவில்காரரின்ர வலக்கை விரல்களில கூடு (விரல் உறை), இடக்கையில பூவரசங் கழி, தோளில பட்டை அழுத்தின தழும்பு. மழைக்குணம் எண்டால் தவில் தோல் ஈரம் குடிச்சுத் தொய்யும், சுருதி இறங்கும். உச்சி வெயிலில முறுகி ஏறும். இப்ப கனபேர் இரும்பு வளையமும் நட்டும் போட்ட தவில்தான் வைச்சிருக்கினம், ஸ்பானரால முறுக்கிறது. வார் இழுத்துக் கட்டுற காலத்துப் பாட்டு எண்டால் ஸ்பானர் வரக்கூடாது.

காலப் பிழை விடாதேங்கோ, இதுதான் இப்பிடியான பாட்டைக் கெடுக்கிறது. 1964 மார்கழிப் புயலுக்கு முதல் எண்டால் தலைமன்னாருக்கு ரயில், அங்கயிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். அந்தத் தலைமுறை அக்கரைக்குப் போய் வந்த வழி அதுதான். கொழும்பு-யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கினது 1956. 1990இல நிண்டது, திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 ஒக்ரோபரில. 1990க்குப் பிறகு யுத்தகாலப் பொருளாதாரத் தடையில பெற்றோல் இல்லை: காபரேற்றருக்குள்ள சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின், மொறிஸ் கார்கள். அதே ஆண்டுகளில தெற்குக்குப் போறதெண்டால் கிளாலிக் கடல்நீரேரியில இரவு வள்ளம். கண்டி-யாழ்ப்பாண றோட்டான ஏ9 2002இல திறந்தது, 2006 ஓகஸ்ரில திரும்பப் பூட்டினது. ஒரே சரணத்தில மண்ணெண்ணெய்க் காரையும் யாழ்தேவியையும் போட்டால், அந்தக் காலத்தில இருந்த ஆக்கள் பாட்டை அங்கயே நிப்பாட்டிப் போடுவினம்.

மாதங்களும் அப்பிடித்தான். நயினாதீவு நாகபூசணி ஆனியில, குறிகாட்டுவானில வள்ளம் ஏற வேணும், தவிலுக்கு உப்புத்தண்ணி படாமல் படங்கு சுத்தி. மாவிட்டபுரத் தீர்த்தம் ஆடி அமாவாசை, கீரிமலையில. அதுக்குப் பிறகு நல்லூர் இருபத்தைந்து நாள், 24ஆம் நாள் தேர், 25 தீர்த்தம். வல்லிபுரம் புரட்டாசியில, தீர்த்தம் கடலில. இந்த ஒழுங்கிலேயே சரணங்களை அடுக்கினால் பயணம் தானாய் வரும்.

இன்னொண்டு. பாட்டில ‘மேளக்காரன்’ எண்டு ‘ன்’ போட்டு எழுதாதேங்கோ. எங்கட ஊரில அந்தச் சொல்லுக்குப் பின்னால சாதிச் சூடு இருக்கு. அவருக்கு வீதியில கிடைக்கிற பேர் ‘வித்துவான்’. அதையே வையுங்கோ.


சீர்தளை:

சொல் கட்டுமானம் பற்றி எழுதுகிறேன். மெட்டு ஆங்கிலப் பாட்டு ஒன்றின் நடையைப் பார்த்து அமைத்திருந்தால் ஒரு முட்டு வரும். ஆங்கிலத்தில் வரி பெரும்பாலும் அடிக்கு முந்தித் தொடங்கும்: இரண்டு மூன்று சின்னச் சொல்லை முதலில் உதிர்த்துவிட்டு, கனமான சொல் அடியில் விழும். தமிழில் சீரின் முதலெழுத்தில்தான் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை. முதற்சீர் அடிக்கு முந்திப் போய்விட்டால் இரண்டும் தாளத்துக்கு வெளியே விழுந்து, எதுகை இருந்தும் காதுக்குக் கேட்காது. ஆகவே வரியை அடியிலேயே தொடங்குங்கள். முந்தி ஏதாவது வேண்டும் என்றால் ‘அட’, ‘ஓ’ போன்ற அசையை வையுங்கள், பொருளுள்ள சொல்லை வைக்காதீர்கள்.

குறில் நெடிலும் பாருங்கள். நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தில் ‘தனிமை’யின் ‘த’ விழுந்தால் பாடுகிறவர் ‘தானிமை’ என்று இழுப்பார். உங்கள் மூன்றாம் வரியில் அது நடக்கும். நீட்டுகிற இடத்துக்கு நெடில், அல்லது மெய் ஊன்றி நிற்கிற எழுத்து.

ஆங்கிலப் பாட்டு வரி முடிவில் ஒலி ஒத்து வரும், நம்முடைய இயைபு போல. எல்லா வரியிலும் இயைபு தேடினால் ‘பயணம், சலனம்’ என்று அர்த்தமில்லாத சொல்லுக்குள் போய் விழுவீர்கள். அதுதான் இங்கே நடந்திருக்கிறது. சரணத்துக்கு எதுகை, பல்லவிக்கு மட்டும் இயைபு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரியின் முக்கிய உத்தி, திரும்பித் திரும்பி வருகிற ஒரே சொற்றொடர் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் வேறு பொருள் கொள்வது. இது நமக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களின் திருவூஞ்சல் பாட்டில் ஒவ்வொரு செய்யுளும் ‘ஆடீர் ஊஞ்சல்’ என்று வந்துதான் முடியும். முன்னால் சொல்வது மாற மாற அந்த முடிவின் நிறமும் மாறும். உங்கள் பாட்டுக்கும் அப்படி ஒரு முடிவுச் சொல் வேண்டும். மல்லாரி சொன்ன வீதியிலிருந்தே எடுக்கலாம்: ‘இன்னும் ஒரு வீதி’. சாமி கிழக்கு வாசலால் வந்து, தெற்கு, மேற்கு என்று சுற்றி வரும்போது மிஞ்சுவது வடக்கு வீதி. முதற் சரணத்தில் அது கோயில் வீதி. இரண்டாவதில் வாகனம் போகிற வீதி. மூன்றாவதில் அவருடைய வயது. அதை நீங்கள் விளக்கவே கூடாது.

முதற் சரணம் இப்படி இருந்தால்?

மேற்கு வீதி முடக்கில மூச்சு வாங்குது நாயனம்
ஏற்கெனவே ஏழு கோயில் இந்த ஆனி மாதம்
தோள்பட்டை காய்ச்சுப்போச்சு, தூக்கு தம்பி தவிலை
ஆள்விட்டுக் கேக்கினம், இன்னும் ஒரு வீதி

மேற்கு, ஏற்கெனவே, தோள், ஆள் என்று எதுகை இரண்டிரண்டு வரியாகப் போகிறது. முதல் மூன்று வரியிலும் நாலு சட்டத்துக்கு (bar, நாலு அடி கொண்ட தாளக் கூறு) நிரம்பச் சொல் உண்டு. நாலாம் வரி வேண்டுமென்றே குறைவு. ‘கேக்கினம்’ முடிந்ததும் இரண்டு அடி வெறுமையாக விட்டு, பிறகு முடிவுச் சொல்லைப் பாடுங்கள். கண்ணீர் என்ற சொல் எங்கும் தேவைப்படவில்லை பாருங்கள்.


பனங்கூடல்:

எல்லாருக்கும் நன்றி. ‘இன்னும் ஒரு வீதி’யை எடுக்கிறன். இரண்டாம் சரணம் மண்ணெண்ணெய்க் கார், மூண்டாவது இண்டைய நாள் எண்டு பிரிச்சிட்டன். இனிக் கேக்கிறது இரண்டு: நாலு வரிக்கும் கோர்ட்டை எப்பிடிப் பிரிக்கிறது, பாட்டு எவ்வளவு நீளம் வரும்? அடுத்தது, பதிவு ஒரு வீட்டு அறையில. நாயனம் மைக்கைப் பிளந்துபோடும் எண்டு பயமாய்க் கிடக்கு. தவிலையும் முழுப் பாட்டுக்கும் சேர்க்கலாமோ?


ஆறுதந்தி:

ஷட்ஜக் கோர்ட்டை 1 என்று வைத்தால் வரிக்கு நாலு சட்டம்:

முதல் வரி: 1, 1, 4, 1
இரண்டாம் வரி: 1, 1, 5, 5
மூன்றாம் வரி: 1, 1, 4, 1
நாலாம் வரி: 1, 5, 1, 1

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகர வாத்தியக்காரர்கள் இப்படி எண்ணில்தான் எழுதிக்கொள்வார்கள். கட்டை மாறினாலும் தாள் மாறாது. ‘இன்னும் ஒரு வீதி’ கடைசி இரண்டு சட்டத்தில், 1இல் வந்து உட்காரும். சரணம் 16 சட்டம், 104 வேகத்தில் 37 செக்கன் வரும். பல்லவி எட்டுச் சட்டம், 18 செக்கனுக்குக் கொஞ்சம் மேல். மூன்று சரணம், மூன்று பல்லவி, தொடக்கத்துக்கும் இடையிசைக்கும் எட்டெட்டுச் சட்டம், முடிவுக்கு நாலு என்றால் மூன்றரை நிமிடம். நாலாம் சரணம் எழுத ஆசை வரும், எழுதாதீர்கள்.

பதிவில் நாயனத்தைக் கிற்றாரோடு ஒரே நேரம் பதியக் கூடாது, கிற்றார் மைக்குக்குள் நாயனம்தான் இருக்கும். முதலில் கிற்றாரும் குரலும். பிறகு நாயனம் தனியாக. மைக்கை அணசின் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். துளைகளாலும் ஒலி வருகிறது, நேரே வைத்தால் கீழ்ச் சுரங்கள் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். ஆறு அடி தள்ளி, பக்கவாட்டில், விரல் துளைகளின் நடுவைப் பார்க்க வையுங்கள். அவர் ஊதக் கூடிய ஆகப் பலத்த மேல் ஷட்ஜத்தை ஊதச் சொல்லி, அது மைனஸ் 12 டெசிபலில் நிற்குமாறு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள். சின்ன அறையின் எதிரொலிக்குச் சுவரில் மெத்தையையோ தடித்த போர்வையையோ தொங்கவிடுங்கள். வீட்டுக்கு வெளியே தலைவாசலில் பதிய முடிந்தால் இன்னும் நல்லது, அந்தக் கருவி வெட்டவெளிக்கென்றே செய்தது. ஹெட்போனை அவருடைய ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மற்றக் காதில் தன் நாதத்தையும் சுருதிப் பெட்டியையும் கேட்க வேணும். கைபேசியில் பதிந்தால் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், அது நாயனத்தின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கும்.


மல்லாரி:

தவில் முழுப் பாட்டுக்கும் வேண்டாம். தவில் வந்தால் கிற்றார் கேளாது, கடதாசி செருகின சத்தம் எங்கயோ போயிடும். முதல் இரண்டு சரணமும் கிற்றாரோட விடுங்கோ. மூண்டாம் சரணத்தில ‘ஆள்விட்டுக் கேக்கினம்’ மாதிரி ஒரு வரி வருமெல்லோ, அதுக்குப் பிறகு இருக்கிற அந்த இரண்டு அடி வெறுமையில தவில் ஒரு சின்னத் தீர்மானம் (முத்தாய்ப்பு அடி) வைச்சு உள்ள வரட்டும். அதுக்குப் பிறகு பல்லவி முழுக்கத் தவில் இருக்கலாம்.

அறைக்குள்ள மின்விசிறி ஓடினால் தவில் தோலும் சீவாளியும் காய்ஞ்சுகொண்டிருக்கும். பதிவு முடியுமட்டும் நிப்பாட்டி வையுங்கோ. வித்துவானைக் காலமை கூப்பிட்டுப் பின்னேரம் மட்டும் காக்க வைக்காதேங்கோ; கிற்றார் வேலை எல்லாம் முடிஞ்ச நாளில தனியாய் ஒரு நேரம் பேசி, அச்சாரம் குடுத்து, போக்குவரத்துக்கும் ஒழுங்கு செய்யுங்கோ. ஆனி தொடக்கம் ஆவணி வரை கேக்கவே கேக்காதேங்கோ, பகலும் இரவும் கோயிலில நிக்கிற மனிசருக்கு உதடு வீங்கியிருக்கும். ஐப்பசியில மழை தொடங்க முன்னம் ஒரு கிழமை பாருங்கோ.